மஞ்சள் நிறம் போனால் குரோமியம் போய்விடுமா?

நொய்யல்கரை: நேற்று கணபதிக்காரர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை. குரோம் பிளேட்டிங்கில், அதாவது உலோகத்துக்குக் குரோமியம் பூச்சு போடும் வேலையில், கழுவிய தண்ணீரில் மெட்டாபைசல்பைட் என்ற உப்பைப் போட்டால் மஞ்சள் நிறம் போய்விடும், அப்புறம் பரிசோதனை எதற்கு என்கிறார். தண்ணீரை மஞ்சளாக்கும் நச்சு வடிவமான ஹெக்ஸா குரோமியத்துக்கு விதி அனுமதிப்பது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதைப்போல மூன்று மடங்கு இருந்தாலும் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் தெரியும். கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கணபதிக்காரன்: 22 வருஷமா கோயமுத்தூரில் பட்டறை நடத்துகிறேன். பம்ப் ஷாஃப்ட், ஆட்டோ பாகம் எல்லாம் என் தொட்டியில் இறங்கியவைதான். மஞ்சள் போனால் போனதுதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

லேப்_தங்கை: அண்ணா, நான் பாடம் நடத்தவில்லை, தினமும் கழிவுநீர் பார்ப்பவள். மெட்டாபைசல்பைட் ஹெக்ஸாவை நச்சு குறைந்த குரோமியமாக ஒழுங்காக மாற்ற, பிஎச் என்கிற அமில-கார அளவு 2லிருந்து 3க்குள் இருக்க வேண்டும். 5க்கு மேல் போனால் வேலை இழுத்துக்கொண்டே போகும். அதற்கப்புறம் சுண்ணாம்பு போட்டு 8, 9க்கு ஏற்றினால்தான் குரோமியம் கசடாகப் படியும். நீங்கள் சுண்ணாம்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? நிறம் மாறினாலும் உலோகம் தண்ணீரிலேயே இருக்கிறது. மொத்த குரோமியத்துக்கும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரம்பு உண்டு.

கணபதிக்காரன்: சுண்ணாம்பு போடவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? சொல்லாததை எல்லாம் நீங்களே சேர்த்துக்கொள்கிறீர்கள். நான் சொன்னது ஒன்றுதான். மஞ்சள் போனால் போச்சு.

ஷிப்ட்_முருகேசன்: நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் சாயங்காலம் மஞ்சள் சுத்தமாகப் போயிருந்தது. காலையில் வந்து பார்த்தால் திரும்ப மஞ்சள். வேறு பூச்சு வேலையில் வந்த சயனைடு தண்ணீரைச் சுத்தம் செய்ய ஊற்றிய ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) மிச்சம் அந்தத் தொட்டிக்குள் கலந்துவிட்டது. காரத்தில் அது குரோமியத்தைப் பழையபடி ஹெக்ஸாவாக மாற்றிவிடும். போனது திரும்பி வருமா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், நான் கண்ணால் பார்த்தேன்.

கணபதிக்காரன்: அது உங்கள் முதலாளியின் கவனக்குறைவு. சயனைடு தண்ணீரையும் குரோம் தண்ணீரையும் தனித்தனியாக வைக்கத் தெரியாதவர் பட்டறை நடத்தவே கூடாது. என் இடத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. அமிலம் பட்டால் சயனைடு வாயு வந்து ஆள் போய்விடுவான், அது எனக்குத் தெரியாதா?

நொய்யல்கரை: எல்லாம் தெரிந்தவர் டைபினைல்கார்பசைடு என்ற பரிசோதனைத் திரவம் நாலு சொட்டு விட்டுப் பார்க்கலாமே. ஊதா வந்தால் ஹெக்ஸா இருக்கிறது. அஞ்சு நிமிஷ வேலை. ஏன் பயம்?

கணபதிக்காரன்: பயமா? திருப்பூர் சாயப்பட்டறைகளை 2011ல் நீதிமன்றம் மூடச் சொன்னபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நொய்யலை நாறடித்தது யார் என்று ஊருக்கே தெரியும். அவர்களைக் கேட்காமல் நாலு தொட்டி வைத்தவனைப் பிடித்து உலுக்குகிறீர்கள். போன மாதம் நிக்கல் விஷயத்திலும் இப்படித்தான் என்னை மடக்கப் பார்த்தீர்கள். மறக்கவில்லை.

நொய்யல்கரை: நிக்கலில் நீங்கள் சொன்னது தப்பு. இப்போதும் தப்பு. சாயப்பட்டறையை இங்கே இழுப்பது எதற்கு?

லேப்_தங்கை: பாகங்களைத் தொங்கவிடும் ராக்கைத் தொட்டிக்கு மேலேயே கொஞ்சம் நேரம் சொட்டவிட்டு எடுத்தாலே கழுவும் தண்ணீரில் போகிற குரோமியம் நன்றாகக் குறையும். முதல் கழுவல் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பலாம். விலை கொடுத்து வாங்கிய குரோமிக் அமிலம் சாக்கடைக்குப் போகாமல் உங்களுக்கே மிச்சமாகும். இதைப் பேசுவோமே.

கணபதிக்காரன்: அதை எப்போதோ செய்கிறேன் தங்கச்சி. ஜாப் ஆர்டர்காரன் அவசரப்படுத்தும்போது எத்தனை நொடி சொட்டவிடுவது? அவனிடம் போய்ச் சொல்லுங்கள். கசடை 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது விதி. அபாயக் கழிவைப் புதைக்கும் கும்மிடிப்பூண்டி வரைக்கும் லாரி வாடகை யார் கொடுப்பது?

ஷிப்ட்_முருகேசன்: ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு வரும் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். அதுவும் அதே 2016 அபாயக் கழிவு விதியில்தான் இருக்கிறது. கேட்டீர்களா?

கணபதிக்காரன்: கேட்டேனா இல்லையா என்பது உங்களுக்கு எதற்கு? முதலாளியைத் திட்டிவிட்டு வெளியே வந்தவர்தானே நீங்கள்.

ஷிப்ட்_முருகேசன்: திட்டவில்லை. கையில் புண் வந்தது, வெளியே வந்தேன். குரோம் புண் எப்படி இருக்கும் என்று உங்கள் ஆட்களைக் கேளுங்கள்.

நொய்யல்கரை: ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் அங்கேயே குவிந்து கிடந்து, சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கெடுத்தது. மூடினால் தீர்ந்தது என்று அங்கேயும் நினைத்திருப்பார்கள்.

கணபதிக்காரன்: அது ஆலை, இது பட்டறை. மலைக்கும் மடுவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். நாளைக் காலை என் தொட்டியைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன், எல்லோரும் பாருங்கள்.

நொய்யல்கரை: படத்தில் என்ன தெரியும்? நாலு சொட்டு விட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

கணபதிக்காரன்: சொட்டெல்லாம் கிடையாது. மஞ்சள் இருக்காது, அவ்வளவுதான்.