தேங்காய்த் தண்ணீர் விதையின் பகுதியா, வேர் உறிஞ்சிய வெறும் நீரா?

மகரந்தன்:
'தேங்காய்க்குள் இருப்பது வேர் உறிஞ்சிய தண்ணீர். அதை விதையின் பகுதி என்பது பாடநூல்காரர்களின் கற்பனை' என்று தோப்புக்காரர் நேற்று எழுதியிருக்கிறார். தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை. மகரந்தக் குழாய் சூலுக்குள் கொண்டுவரும் இரண்டு ஆண் இனச்செல்களில் ஒன்று முட்டை செல்லோடு இணைந்து கருவாகிறது. மற்றொன்று மையச் செல்லின் இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து, வளரும் கருவுக்கு உணவாகும் கருவூணைத் தோற்றுவிக்கிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை ருஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898-இலேயே லில்லிக் குடும்பத்துத் தாவரங்களில் கண்டறிந்துவிட்டார். தென்னையில் அந்தக் கருவூண் உட்கரு, செல்சுவர் எழுப்பாமலேயே மீண்டும் மீண்டும் பிரிகிறது. அந்த உட்கருக்கள் மிதக்கும் திரவத்தைத்தான் இவர் வெறும் தண்ணீர் என்கிறார்.

தோப்புக்காரர்:
பாடம் நடத்தியதற்கு நன்றி ஐயா. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முற்றிய காயின் தண்ணீரில் ஓர் உட்கருவையாவது காட்ட முடியுமா? பொள்ளாச்சியில் எங்கள் தோப்பில் பறித்த நெற்றை உடைத்து, அசிட்டோகார்மின் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

மகரந்தன்:
நெற்றில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? குரும்பை சற்றுப் பருத்த நிலையில் அறுத்து, உள்ளே தேங்கிய தெளிந்த திரவத்தில் ஒரு சொட்டை எடுத்துச் சாயமிடுங்கள். உட்கருக்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். காய் வளர வளர அவற்றைச் சுற்றிச் செல்சுவர் எழுகிறது. அச்செல்கள் ஓரத்தில் ஒதுங்கி, கண்களுக்கு எதிர்ப்புறத்தில் முதலில் வழுக்கையாகப் படிந்து, பிறகு பருப்பாக இறுகுகின்றன. உங்கள் நெற்றின் பருப்பில் இருப்பவை அந்த உட்கருக்களின் வழித்தோன்றல்களே. தோப்பு வைத்திருப்பவருக்கு வழுக்கை எங்கே தொடங்கும் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

தோப்புக்காரர்:
வழுக்கையை உங்களுக்கு முன்பே நான் அறிவேன். நான் கேட்டது குரும்பை அன்று, முற்றிய காயின் தண்ணீர். செல்லும் இல்லை, உட்கருவும் இல்லை என்றால் அது தண்ணீர்தானே? மாங்கொட்டை பற்றிய விவாத இழையிலும் இதே போலக் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறெதற்கோ விடை எழுதினீர்கள்.

சூல்முடி:
மாங்கொட்டை இழையில் மகரந்தன் ஐயா எழுதியது சரியே. ஒரே கொட்டையில் பல கன்றுகள் முளைக்கும் மா வகைகளில், பெரும்பாலான கன்றுகள் கருவுற்ற முட்டையிலிருந்து வருவதில்லை; சூலுக்குள் இருக்கும் தாய்மரத்தின் திசுவான சூல்திசுவின் செல்களிலிருந்து வருகின்றன. அதனால்தான் அவை தாய்மரத்தையே ஒத்திருக்கின்றன. அதைத் தோப்புக்காரர் இன்றுவரை ஏற்கவில்லை.

தோப்புக்காரர்:
ஏற்கும்படி யாரும் சொல்லவில்லை. நீங்கள் முற்றிய காயின் தண்ணீருக்கு விடை சொல்லுங்கள்.

மகரந்தன்:
சொல்கிறேன். வெறும் நீரில் ஊமத்தையின் இளங்கரு வளருமா? 1941-இல் தாவர ஆய்வாளர் வான் ஓவர்பீக்கின் குழுவினர் வளர்ப்பு ஊடகத்தில் தேங்காய்த் திரவத்தைச் சேர்த்தபோதுதான் மிக இளைய ஊமத்தைக் கருக்கள் வளர்ந்தன. செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின்கள் அதில் உள்ளன. வேர் அனுப்பிய நீரும் அதில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வந்து சேர்ந்த இடம் சூலுக்குள் இருக்கும் கருப்பையின் மையச் செல், அதாவது கருவூண் தோன்றிய அதே இடம். நெற்று முளைக்கும்போது அந்த உணவை உறிஞ்சத்தான் கருவின் முதல் இலையான வித்திலை பஞ்சுபோல் உள்ளே பருத்து நிற்கிறது. அதைத்தான் தேங்காய்ப்பூ என்று விரும்பி உண்கிறோம்.

கீற்று:
தேங்காய்ப்பூ வித்திலையா? பருப்பு ஊறிப் பஞ்சானதுதான் அது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மகரந்தன்:
பருப்பு ஊறிப் பஞ்சாவதில்லை. நெற்றைக் குறுக்கே பிளந்து பாருங்கள். பூவின் காம்பு முளைவிட்ட கண்ணில்தான் பொருந்தியிருக்கும், பருப்பில் ஒட்டியிருக்காது.

தோப்புக்காரர்:
பூவைப் பற்றிப் பிறகு பேசலாம். முற்றிய காயின் தண்ணீரில் உட்கரு இல்லை என்பதை ஐயா இதுவரை மறுக்கவில்லை என்பதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

கீற்று:
காம்பு கண்ணில் இருந்தால் மட்டும் அது வித்திலை ஆகிவிடுமா, ஐயா?