முதல் வாரம் 1.8 கிலோ குறைந்தது, அதன்பின் இரண்டு வாரமாக அசையவே இல்லை. முன்னேற்றத்தை எதை வைத்து அறிவது?

துளிர்:

வணக்கம். பெண், வயது 38, உயரம் 164 செ.மீ. எடை குறைக்கத் தொடங்கி இன்றோடு 21 நாள். உடலின் தேவையைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகச் சாப்பிடுவதாகக் கணக்கு. மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டியிருக்கிறேன். தினமும் 40 நிமிட நடை. 9ஆம் நாளிலிருந்து வாரம் மூன்று முறை வலுப்பயிற்சி. காலையில் எழுந்ததும் எடுத்த எடைகள் (கிலோ):

முதல் நாள் 82.4, 7ஆம் நாள் 80.6
8 முதல் 14 வரை: 80.8, 80.9, 81.3, 81.0, 80.7, 81.1, 80.6
15 முதல் 21 வரை: 81.2, 80.7, 80.3, 80.5, 80.9, 80.2, 80.9

7ஆம் நாள் 80.6, இன்று 80.9. இரண்டு வார உழைப்புக்கு 300 கிராம் கூடியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இது உண்மையிலேயே தேக்கமா? இந்தக் கட்டத்தில் நம்பத்தக்க அறிகுறிகள் எவை? இப்படியே போனால் அடுத்த மாதம் வரை தாக்குப்பிடிப்பது கடினம், அதனால்தான் கேட்கிறேன்.

—

அளவுகோல்:

துளிர், தேக்கம் இல்லை. பதில் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது.

முதலில் அந்த 1.8 கிலோவைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆறு நாளுக்கு 500 வீதம் 3,000 கலோரி, அதாவது கொழுப்பில் 400 கிராம்கூட இல்லை. மீதி எங்கே போனது? கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன, மொத்தம் 400 முதல் 500 கிராம் வரை. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். உணவு குறைந்ததும் அதில் பாதி செலவானாலே தண்ணீரோடு சேர்த்து ஒரு கிலோ இறங்கிவிடும். இன்சுலின் தணிவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும், அதன் பின்னால் நீரும் போகும். குடலில் இருக்கும் உணவும் குறைகிறது. ஆக முதல் வாரத்து வேகம் கொழுப்பின் வேகமே அல்ல. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எந்த வாரமும் தோல்வியாகத்தான் தெரியும்.

இப்போது சராசரி. இரண்டாம் வாரத்து ஏழு எண்களையும் கூட்டி 7ஆல் வகுத்தால் 80.91. மூன்றாம் வாரம் 80.67. எடை கூடவில்லை, 240 கிராம் குறைந்திருக்கிறது. நீங்கள் ஒப்பிட்ட இரண்டு எண்களில் 80.6 அந்த நாட்களின் பள்ளம், 80.9 ஒரு மேடு. பள்ளத்தையும் மேட்டையும் ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்?

10ஆம் நாளின் 81.3ஐயும் பாருங்கள். முந்தின நாள்தான் முதல் வலுப்பயிற்சி. பழகாத தசை நார்கள் நுண்ணளவில் சிதைந்து, அவற்றைச் செப்பனிட அங்கே நீர் சேரும். மறுநாள் வலியும் வீக்கமும் அதனால்தான். தொடங்கி ஒன்றிரண்டு வாரம் இந்த நீர் எடையை மேலே பிடித்துவைத்திருக்கும். பயிற்சியை மாற்றும்போதெல்லாம் இது திரும்ப வரும்.

மொத்தக் கணக்கு: 20 நாளுக்கு 10,000 கலோரி, அதாவது எதிர்பார்க்க வேண்டியது 1.3 கிலோ. உங்களுக்கு இறங்கியிருப்பது 1.5. சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள்.

—

நிதானம்:

சராசரிக் கணக்கோடு முழுக்க உடன்படுகிறேன். கடைசிப் பத்தியோடு மட்டும் இல்லை.

82.4 என்பது ஒரே ஒரு நாளின் எடை. தொடங்குவதற்கு முந்தின நாள் உப்பு மிகுந்த ஒரு பெரிய விருந்து இருந்திருந்தால் அதிலேயே ஒரு கிலோ நீர் இருந்திருக்கும். அப்போது போன நீர் திரும்பவும் இல்லை, ஆகவே 1.5 கிலோவில் எவ்வளவு கொழுப்பு என்று இப்போது பிரிக்க முடியாது. அந்த எண்ணை மறந்துவிட்டு, இரண்டாம் வாரச் சராசரியான 80.9ஐ உண்மையான தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பார்த்தால் வாரத்துக்கு 450 கிராம் வர வேண்டிய இடத்தில் 240 வந்திருக்கிறது. இடைவெளிக்குத் தசையில் சேர்ந்த நீர் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, அந்த 500 கலோரிப் பற்றாக்குறை உண்மையில் 300ஆக இருப்பது. இது யார் மீதும் குற்றம் சொல்வதல்ல, மனிதர் எல்லோருக்கும் நேர்வது. உணவைக் குறைத்தும் எடை இறங்கவில்லை என்றவர்களை அமெரிக்காவில் துல்லியமாக அளந்து 1992இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் எழுதிவைத்த அளவு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. செய்ததாகச் சொன்ன உடல் உழைப்போ உண்மையைவிட 51 சதவீதம் அதிகம்.

வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். எண்ணெய்: 15 மி.லி. மேசைக்கரண்டி ஒன்றில் சுமார் 120 கலோரி. கண்ணளவாக ஊற்றினால் ஒன்று இரண்டாகிவிடும். அடுத்தது, சமைக்கும்போது ருசி பார்ப்பதும் மற்றவர் தட்டில் மிஞ்சியதைச் சாப்பிடுவதும். மூன்றாவது விடுமுறை நாட்கள். ஐந்து நாள் 500 வீதம் சேர்த்த 2,500ஐ இரண்டு நாளில் 600 வீதம் கூடுதலாகச் சாப்பிட்டால் பாதிக்குக் குறைந்துவிடும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் பத்து நாள் மட்டும் அளந்து எழுதுங்கள். ஆயுள் முழுக்க அளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு அளவு பழகும்வரை போதும்.

—

துளிர்:

மிக்க நன்றி. எண்ணெயை அளந்ததே இல்லை, இன்றே தொடங்குகிறேன். இரண்டு விவரங்கள் விட்டுப்போயின. 16ஆம் நாள் மாதவிலக்கு தொடங்கியது. இன்னொன்று, கருவியில் ஏறி இறங்கி உடனே மறுபடி ஏறினால் புள்ளிக்குப் பின்னாலுள்ள எண்கூட மாறாமல் அப்படியே வருகிறது. நல்ல கருவி என்றுதானே பொருள்?

எடையைத் தவிர வேறு எதைப் பார்ப்பது, மனம் தளராமல் எப்படித் தொடர்வது என்பதையும் யாராவது சொன்னால் உதவும். பார்ப்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது உள்ளூர உறுத்துகிறது.

—

அளவுகோல்:

15ஆம் நாளின் 81.2க்கு விளக்கம் கிடைத்துவிட்டது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் தொடங்கும் நாளிலும் உடல் நீரைப் பிடித்துவைக்கும், சிலருக்கு ஒரு கிலோவுக்கு மேலும். உங்களுக்கு வார ஒப்பீட்டைவிட மாத ஒப்பீடு நேர்மையானது: இந்தச் சுழற்சியின் 8ஆம் நாளை அடுத்த சுழற்சியின் 8ஆம் நாளோடு ஒப்பிடுங்கள்.

கருவி அவ்வளவு துல்லியமாக ஒரே எண்ணைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். பல டிஜிட்டல் கருவிகள் முந்தைய எடையை நினைவில் வைத்திருக்கும். புதிய எடை அதற்கு மிக அருகில் இருந்தால் பழையதையே காட்டிவிடும். சோதிப்பது எளிது. ஒரு தடவை ஏறுங்கள். இறங்கி, 2 கிலோ அளவுள்ள ஏதாவதொன்றைக் கையில் பிடித்து ஏறுங்கள். பிறகு அதை வைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். மூன்றாவது எண் முதலாவதிலிருந்து 100, 200 கிராம் விலகினால் நினைவகம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படியானால் தினமும் முதலில் அந்தச் சுமையோடு ஒரு தடவை ஏறிவிட்டுப் பிறகு உங்கள் எடையைப் பாருங்கள்.

கருவி கடினமான சமதளத் தரையில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். விரிப்பின் மேல் வைத்தால் எண் தவறும். நகர்த்தினால் ஒரு தடவை காலால் அழுத்திவிட்டு, அது சுழியத்துக்கு வந்தபின் ஏறுங்கள். கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில். கொழுப்புச் சதவீதம் காட்டும் வசதி இருந்தால் அந்த எண்ணைத் தினமும் பார்க்காதீர்கள். உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் கணிப்பது அது, நீர் கூடிக் குறைந்தாலே சில சதவீதம் ஆடும்.

—

கரும்பலகை:

யாருக்கும் தெரியவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். முகத்தில் ஏற்படும் மாற்றம் பிறர் கண்ணில் பட எவ்வளவு எடை மாற வேண்டும் என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். பிஎம்ஐ (கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) சுமார் 1.33 மாற வேண்டும் என்பது முடிவு. உங்கள் உயரத்துக்கு அது ஏறக்குறைய 3.6 கிலோ. ஆக இன்று யாரும் கவனிக்காதது இயல்பு.

உங்களால் அறிய முடிந்தவை வேறு. அவற்றில் வயிற்றுச் சுற்றளவை முதலில் வைப்பேன். தொப்புளைக் குறியாக வைத்து அளப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வயிறு குறையும்போது தொப்புளும் இடம் மாறும். விலாவின் கடைசி எலும்பைத் தொட்டுப் பாருங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பை. இரண்டுக்கும் நடுப்புள்ளியில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். தோலை அழுத்தக் கூடாது. இயல்பாக மூச்சை விட்ட முடிவில் படியுங்கள். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி எடுங்கள், இல்லையென்றால் மறுபடி அளங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். உயரத்தில் பாதிக்குக் கீழே, உங்களுக்கு 82 செ.மீ.க்குக் கீழே வருவது தூர இலக்கு. தொடக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே அது செய்திதான்.

இறுக்கமான ஓர் உடையை ஒதுக்கிவைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். துவைத்த உடனே வேண்டாம், துணி சற்று இறுகியிருக்கும். புகைப்படம் என்றால் நான்கு வாரத்துக்கு ஒன்று, அதே வெளிச்சம், அதே தூரம், கேமரா தொப்புள் உயரத்தில்.

இவற்றைவிடச் சீக்கிரம் தெரிவது உடல் திறன். காலையில் படுக்கையிலிருந்து எழும்முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒரே படிக்கட்டை ஒரே வேகத்தில் ஏறி, நின்று ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். நடைப் பயிற்சி தொடர்ந்தால் சில வாரங்களில் இரண்டும் இறங்கத் தொடங்கும். முழங்கால் வலி இருந்தால் அதுவும் ஒரு சாட்சி: ஒரு கிலோ உடல் எடை குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது.

தொடர்வதைப் பற்றி. 'மாதம் நான்கு கிலோ' என்ற இலக்கு உங்கள் கையில் இல்லை, நீர் எப்போது வெளியேறும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லையே. 'இந்த வாரம் ஐந்து நாள் 40 நிமிடம் நடப்பேன், தினமும் எண்ணெயை அளப்பேன்' என்பது கையில் இருக்கிறது. நாட்காட்டியில் குறியிட வேண்டியது அதைத்தான். தடங்கலையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்: 'மழை பெய்தால், வீட்டுக்குள்ளேயே 20 நிமிடம் படி ஏறி இறங்குவேன்.' 'இரவு பத்து மணிக்குப் பசித்தால், முதலில் தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் பொறுப்பேன்.' 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று எழுதிவைத்தவர்கள் வெறுமனே 'முயல்வேன்' என்பவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பது பலமுறை சோதிக்கப்பட்ட விஷயம்.

புதுப் பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வொன்றில் நடுவளவாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18, சிலருக்கு 254. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது கெடவில்லை.

எட்டும் இலக்கு ஒன்று வேண்டுமென்றால் 5 சதவீதம். 80.9இலிருந்து அது 4 கிலோ. இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கொழுப்பு அளவுகளும் பலருக்கு அந்த இடத்திலேயே மேம்படத் தொடங்கும்.

—

மருந்துச்சீட்டு:

சுருக்கமாக, ஆனால் முக்கியமானது. இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதே அளவு மருந்து, குறைந்த உணவு என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது. வாரம் 1.5 கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தக்கல் உருவாகும் ஆபத்து கூடும். எதையும் மாற்றாமலே எடை இறங்கிக்கொண்டிருந்தால் மகிழ வேண்டாம், பரிசோதனை வேண்டும்.

முன்பு உணவு தொடர்பான மனநோய் இருந்தவர்களும், எடை எண் ஒன்றே அன்றைய நாளைக் கெடுத்துவிடும் என்பவர்களும் தினமும் கருவியில் ஏற வேண்டாம். டேப்பும் உடையும் போதும்.

—

துளிர்:

கருவியைச் சோதித்தேன். முதலில் 80.9, சுமையோடு ஏறி இறங்கியபின் 80.7. நினைவகம்தான். கடைசியாக ஒன்று: எவ்வளவு நாள் பொறுத்த பிறகு திட்டத்தை மாற்றலாம்?

—

நிதானம்:

பயிற்சி தொடங்கியபின் முழுதாக ஒரு மாதவிலக்குச் சுழற்சி போகட்டும். உணவை அளக்கத் தொடங்கிய பின்னும் மூன்று, நான்கு வாரச் சராசரி இறங்காமல், வயிற்றுச் சுற்றளவும் அப்படியே நின்றால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் ஒரே ஒரு மாற்றம்: ஒன்று உணவில் 150 கலோரி குறைப்பது, அல்லது நாளுக்கு 2,000 அடி கூடுதலாக நடப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. சராசரி நின்றும் சுற்றளவு இறங்கினால் எதையும் தொடாதீர்கள். கொழுப்பு போகிறது, நீர் அதை மறைக்கிறது.

நினைவகம் இருந்தது என்றால் இதுவரை எடுத்த எடைகளில் சில முந்தின நாளின் எண்ணாகவே இருந்திருக்கலாம். ஆகவே 80.9ஐத் தொடக்கமாக எடுக்கச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். நாளையிலிருந்து ஏழு நாள் எடுத்து, அந்தச் சராசரியைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுச் சுற்றளவையும் நாளைக் காலையிலேயே அளந்துவிடுங்கள்.