வைரோ போட்ட ஸ்கிராப்புக் வாயப் பொளந்துட்டு நிக்குது, பக்கமும் திரும்ப மாட்டீங்குது. உதவி வேணுங்க

கோபி_அம்மிணி

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அம்மாவோட அப்பா அம்மா, அப்பச்சிக்கும் அமுச்சிக்கும் 1975 ஆவணியில கல்யாணம். இந்த ஆவணிக்கு அம்பது வருசம் முடியுது. கடையில ஆல்பம் வாங்கிக் குடுக்கறதுக்கு நாமளே கையால செஞ்சு குடுக்கலாம்னு ஒரு மாசமா உக்காந்து ஸ்கிராப்புக் பண்ணீட்டு இருந்தேன். 8 இன்ச் சதுரம், 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) பிரவுன் கார்டு 20 தாளு, அட்டைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கிரே போர்டு, மேல சென்னிமலைத் துணி ஒட்டியிருக்கேன். தாளைக் கோக்கறதுக்கு வைரோ பைண்டிங், அதாவது ஓரத்துல வரிசையா ஓட்டை போட்டு ரெட்டைக் கம்பி வளையத்தைக் கோத்து மூடறது. ஓட்டை போடறதுக்குக் கையால அமுக்கற சின்ன வைரோ மிஷின் ஒன்னு வாங்கி வெச்சிருக்கேன். வளையம் அரை இன்ச் அகலம் வர்ற வைரோ கம்பி பாக்கெட்டா வாங்குனது.

நேத்துப் பொழுதோட கம்பி கோத்து முடிச்சேன். முடிச்சு டேபிள் மேல வெச்சா, புக்கு ஆன்னு வாயப் பொளந்துட்டு நிக்குது. முன்னாடி பக்கம் ரெண்டு வெரல் உள்ள போகுது. அஞ்சாறு பக்கம் தாண்டுனா தாளு கம்பியில மாட்டிக்கிட்டு வர மாட்டீங்குது. இழுத்ததுல கல்யாணத்துல நடந்த இணைச்சீர்ச் சடங்கு போட்டோ இருக்கற பக்கத்துல ரெண்டு ஓட்டை கிழிஞ்சே போச்சு. அதைப் பாத்ததும் எனக்குப் பொக்குனு ஆயிருச்சு. பத்தாததுக்கு அட்டை வேற வடாமாட்டம் வளைஞ்சிருச்சு.

கம்பி மட்டமான கம்பியா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குங்க. வேற கம்பெனிக் கம்பி மாத்துனா சரியாகுமா? இன்னும் மூனு வாரந்தான் இருக்கு.

பொள்ளாச்சி_காத்து

கம்பி சின்னதுங்க, அவ்வளவுதான். முக்கால் இன்ச் வாங்கிப் போடுங்க, தாராளமாத் திரும்பும்.

ஈரோடு_பைண்டர்

அம்மிணி, அவசரப்பட்டு முக்கால் இன்ச் வாங்கீறாதீங்க. காசு தண்டம். ஏன்னு பொறகு சொல்றேன். மொதல்ல நாலு கேள்வி:

போட்டோ தாளுக்கு ஒரு பக்கமா, ரெண்டு பக்கமும் ஒட்டீருக்கீங்களா? எதுல ஒட்டுனீங்க? ஓட்டை போட்டது ஒட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்புறம் ஒரு ஸ்கேல் எடுத்துப் புக்கை மூடி வெச்சு, கம்பிகிட்ட எவ்வளவு கனம், நடுவுல எவ்வளவு கனம்னு ரெண்டு அளவு எடுத்துப் போடுங்க. நடுவுல அமுக்கக் கூடாது, தானா நிக்கற அளவு வேணும்.

கோபி_அம்மிணி

அண்ணா, ரெண்டு பக்கமும் ஒட்டீருக்கேனுங்க. முக்காவாசிப் போட்டோ டபுள் சைடு டேப்பு. கொஞ்சம் எடுப்பா நிக்கட்டும்னு அஞ்சாறு போட்டோவுக்கு மட்டும் நுரை டேப்பு. ஓட்டை போட்டது ஒட்டறதுக்கு முன்னாடி. அப்பவே அடுக்கி வெச்சு அளந்து பாத்துத்தான் கம்பி வாங்குனேன்.

கம்பிகிட்ட 9 மில்லி. நடுவுல 22 மில்லி. நானே இப்பத்தான் அளந்து பாக்கறேன், நெம்ப வித்தியாசமா இருக்குது.

ஈரோடு_பைண்டர்

பாத்தீங்களா, அதான் சங்கதி. கம்பி மேல ஒரு தப்பும் இல்லை. நீங்க புக்கை வெறும் வயித்துல அளந்திருக்கீங்க.

250 ஜிஎஸ்எம் கார்டு தாளுக்குச் சுமார் 0.3 மில்லி வரும். 20 தாளுக்கு 6 மில்லி. அட்டை ரெண்டுக்கும் சேத்து 3. ஆக 9. கனத்தோட ஒரு 3 மில்லி கூட்டிக் கம்பி எடுக்கோணும்ங்கறது எங்க தொழில்ல வழக்கம். அப்படிப் பாத்தா 12, அரை இன்ச் கம்பி 12.7. வெறும் நோட்டுக்கு நீங்க போட்ட கணக்குச் சரியான கணக்கு. ஆனா போட்டோத் தாளு ஒன்னு கால் மில்லி இருக்கும். ரெண்டு பக்கமும் 20 தாளுக்கு 40 போட்டோன்னா அதுவே 10 மில்லி. மேல நுரை டேப்பு. இத்தனையும் நடுவுல ஏறுது, கம்பிகிட்ட ஒன்னும் ஏறலை. ஒரு பக்கம் 9, ஒரு பக்கம் 22ன்னா புக்கு வாயப் பொளக்காம என்ன பண்ணும்?

இனி முக்கால் இன்ச் ஏன் வேண்டாம்னேன்னா, வைரோல ரெண்டு சாதி இருக்குது. இன்ச்சுக்கு மூனு ஓட்டை ஒன்னு, இன்ச்சுக்கு ரெண்டு ஓட்டை ஒன்னு. உங்க மிஷின் மூனு ஓட்டைன்னு நெனைக்கறேன். 8 இன்ச்சுக்கு 23 ஓட்டை விழுந்திருக்கும், எண்ணிப் பாருங்க. மூனு ஓட்டைக் கம்பி 9/16 இன்ச்சோட சரி. அதுக்கு மேல 5/8, முக்கால், ஒன்னுன்னு போறதெல்லாம் ரெண்டு ஓட்டைக் கம்பி. உங்க தாள்ல அதைக் கோக்கப் போனா இன்ச்சுக்கு ஒரு ஓட்டைதான் நேரா வரும், மத்ததெல்லாம் தாள்ல முட்டிக்கும். புதுசா ஓட்டை போடலாம்னா பழைய ஓட்டைக்கும் புது ஓட்டைக்கும் நடுவுல பேப்பரே மிஞ்சாது.

பொள்ளாச்சி_காத்து

அட, இது எனக்கே தெரியாதுங்ணா. நான் இத்தனை நாளும் பெருசு சிறுசுதான் வித்தியாசம்னு நெனைச்சுட்டு இருந்தேன். மன்னிச்சுக்கோங்க அம்மிணி.

கோபி_அம்மிணி

எண்ணிட்டேனுங்க. 23 தான். அப்ப எல்லாத் தாளையும் தூக்கிக் குப்பையில போடறதுங்களா? இதுக்கு மேல ஒரு மாசம் உக்கார எனக்குத் தெம்பில்லீங்க.

திருப்பூர்_சாம்பிள்

குப்பையெல்லாம் வேண்டாங்க. நான் பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். பையருக்கு அனுப்பற துணிச் சாம்பிள் புக்குல இதே பாடு தெனமும் வரும். ஒவ்வொரு தாள்லயும் துணித்துண்டு ஒட்டறோம், நடுவுல உப்பும், கம்பி கிட்ட தட்டையா இருக்கும். நாங்க என்ன பண்ணுவோம்னா ஒவ்வொரு தாளுக்கும் நடுவுல அதே கார்டுல ஒடுக்கமா ஒரு பட்டை வெட்டி, அதுலயும் ஓட்டை போட்டு, தாளோட சேத்துக் கம்பியில கோத்துருவோம். அந்தப் பட்டை கம்பிகிட்ட மட்டும் கனத்தைக் கூட்டிக் குடுக்கும். புக்கைத் தொறந்தா ஓரத்துல ஒரு கோடாட்டம் தெரியும், அசிங்கமா இருக்காது. வேற கலர்ல வெட்டுனா அதுவே டிசைன்.

ஈரோடு_பைண்டர்

தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா 20 தாளுக்கும் பட்டை குடுத்தா கம்பிகிட்ட 15 மில்லியத் தாண்டீரும். மறுபடியும் மூனு ஓட்டைக் கம்பி பத்தாது. அதனால என் யோசனை: புக்கை ரெண்டாப் பிரிச்சுருங்க, பத்துப் பத்துத் தாளு.

கணக்குப் பாருங்க. பத்துத் தாளு 3 மில்லி. தாள்களுக்கு இடையில ஒம்பது பட்டை, ரெண்டு அட்டைகிட்டயும் ஒவ்வொன்னு, ஆக 11 பட்டை, 3.3 மில்லி. அட்டை 3 மில்லி. மொத்தம் 9.3. கூட 3 சேத்தா 12.3. உங்ககிட்ட இருக்கற அதே அரை இன்ச் கம்பிக்குள்ள அடங்கீரும். கம்பிக்கு ஒரு பைசா புதுச் செலவு இல்லை. நுரை டேப்பு மட்டும் எடுத்தாகோணும், அதுக்குப் பட்டையால ஈடு குடுக்க முடியாது.

பட்டை அரை இன்ச் அகலம் வெட்டுங்க. அதுக்குக் கம்மியாப் போகாதீங்க, ஓட்டை போக மிச்சம் நிக்கோணும்ல? ஒரு தாள்ல 16 பட்டை வரும், ரெண்டு தாளு எடுத்தா ரெண்டு புக்குக்கும் போதும். அப்புறம், போட்டோ கம்பிப் பக்கம் எவ்வளவு தள்ளி ஆரம்பிக்குது?

கோபி_அம்மிணி

முக்கால் இன்ச் தள்ளித்தானுங்க ஒட்டியிருக்கேன். அப்ப பட்டைக்கு எடம் இருக்கு! ரெண்டு புக்குங்கறதும் நல்லாத்தான் இருக்கு. அமுச்சி பொறந்த வூட்டுப் போட்டோ தனியா, கல்யாணத்துக்கு அப்புறம் தனியான்னு பிரிச்சுக்கலாம். தாளும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வருது.

நுரை டேப்பு எப்படி எடுக்கறது? போட்டோ கிழிஞ்சிரும்னு பயமா இருக்கு. கிழிஞ்ச ஓட்டைக்கும் ஒரு வழி சொல்லுங்க.

கோவை_கத்திரி

நுரை டேப்புக்கு: தலை காய வைக்கற டிரையரைத் தூரமா வெச்சு லேசாச் சூடு காட்டுங்க, அப்புறம் பல் இடுக்குல விடற நூல் இருக்குல்ல, அதை ரெண்டு கையிலயும் இழுத்துப் புடிச்சுப் போட்டோவுக்கும் தாளுக்கும் நடுவுல ரம்பமாட்டம் விட்டு அறுங்க. நுரை நடுவுல அறுந்து வந்துரும். போட்டோவைப் புடிச்சு இழுக்கவே இழுக்காதீங்க.

இதைக் கேக்கவே பயமா இருக்கு, ஒட்டியிருக்கறது பழைய ஒரிஜினல் போட்டோவா?

கோபி_அம்மிணி

இல்லீங்கக்கா. எல்லாமே ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டது. ஒரிஜினல் அமுச்சியோட டிரங்குப் பொட்டியில பத்திரமா இருக்கு.

கோவை_கத்திரி

வயித்துல பால் வார்த்தீங்க. ஒரிஜினலை எப்பவும் ஒட்டாதீங்க, மூலைக்கு மட்டும் போட்டோ கார்னர் வெச்சு நிறுத்தலாம், நாளைக்கு வேணும்னா உருவிக்கலாம்.

அட்டை வளைஞ்சதுக்குக் காரணம் நான் சொல்லட்டுங்களா? துணியை ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் போட்டு ஒட்டி, ஃபேன்லயோ திண்ணையிலயோ காய வெச்சிருப்பீங்க. இப்ப ஆடிக் காத்து வேற பேயா அடிக்குது. ஃபெவிகால்ல இருக்கற தண்ணியில துணி விரியும், காயறப்பச் சுருங்கும், சுருங்கறப்ப அட்டையையும் சேத்து இழுத்துக்கும். உள் பக்கமும் ஒரு தாளு ஒட்டுனீங்கன்னா அது அக்கட்டயிருந்து இழுக்கும், அட்டை நேரா நிக்கும். ஃபெவிகாலைக் கொட்டாம பிரஷ்ல மெல்லிசாத் தடவுங்க. ஒட்டுன கையோட ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் வெச்சு, மேல அம்மிக்கல்லை ஏத்தி ஒரு ராத்திரி விட்டுருங்க. காத்துல மட்டும் வெக்காதீங்க.

இன்னொன்னு, அட்டைக்கு ஒரு வாக்கு, அதாவது உள்ள நார் ஓடற திசை இருக்கு. நெடுக்க மடிச்சுப் பாருங்க, குறுக்க மடிச்சுப் பாருங்க, எதுல சுலபமா வளையுதோ அந்த மடிப்புக்கோடு ஓடற திசைதான் வாக்கு. அது கம்பியோட சேந்தாப்ல ஓடோணும்.

எனக்கும் ஒரு கதை இருக்கு. மிஷின் இல்லாத காலத்துல, காந்திபுரத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில முப்பது தாளைக் குடுத்து "பைண்டிங்குக்கு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க"ன்னேன். அவங்க ஸ்பைரலுக்குப் போடற சின்ன ரவுண்டு ஓட்டையப் போட்டு, சிரிச்ச முகமாக் குடுத்து விட்டாங்க. வூட்டுக்கு வந்து வைரோவை வெச்சுப் பாத்தா ஒன்னும் சேரலை. ஸ்பைரல் வேற, வைரோ வேறன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இன்னும் அந்தத் தாளு பரண் மேல கெடக்குது.

ஈரோடு_பைண்டர்

கிழிஞ்ச ஓட்டைக்கு: மெல்லிசு மல் துணியில அரை இன்ச் பட்டை வெட்டி, பின் பக்கம் ஃபெவிகால்ல ஒட்டி, நல்லாக் காஞ்சதும் மறுபடியும் மிஷின்ல விட்டு அதே எடத்துல ஓட்டை போடுங்க. ஈரத்தோட போட்டா நூல் பிசுறும். ரெண்டாவது புக்குக்கு வெட்டற புது அட்டைக்கும் அதேதான், துணி மேல ஓட்டை விழற எடத்துல லேசா ஃபெவிகால் தடவிக் காய வெச்சுட்டு அப்புறம் அமுக்குங்க. ஒவ்வொரு அட்டையா விடுங்க, ரெண்டைச் சேத்து விட்டா மிஷின் பல்லு போயிரும்.

பழைய கம்பியக் கட்டிங் பிளேயர்ல வெட்டி எறிஞ்சுருங்க. ஒரு தடவை மூடுன கம்பி திரும்பி ஒழுங்கா மூடாது.

கம்பி மூடறதை எதுல மூடுனீங்க? மிஷின்ல கம்பிய மூடற பாகம் இருக்குதா?

கோபி_அம்மிணி

இல்லீங்கண்ணா, பிளேயர்ல ஒவ்வொன்னா நசுக்குனேன். உத்துப் பாத்தா கம்பி ரவுண்டாவே இல்லை, கோழிமுட்டையாட்டம் இருக்கு.

ஈரோடு_பைண்டர்

அதான் தாளு மாட்டுது. கனம் பாதிக் காரணம், முட்டை மீதிக் காரணம். பிளேயரோட ரெண்டு வாய்க்கும் துணி சுத்திக்கோங்க, கம்பி மேல பூச்சு போகாது. ஒரே ஓட்டையில நசுக்கி முடிக்காதீங்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் லேசா ஒரு சுத்து, திரும்ப ஒரு சுத்து, மூனாவது சுத்துல மூடுங்க. கம்பி முனை எதிர்ல இருக்கற இடுக்குல போய் உக்காந்தா நிறுத்தீறோணும். ஒரு தாளு நுழையற சந்து இருக்கக் கூடாது, அதுக்கு மேல அமுக்கவும் கூடாது.

கோக்கறப்ப ஒரு சூட்சுமம். பின் அட்டையக் கடைசியில வெக்காதீங்க. முன் அட்டைக்கு மேல, ரெண்டோட வெளிப் பக்கமும் ஒன்னை ஒன்னு பாத்தாப்ல வெச்சுக் கோத்து மூடுங்க. மூடுனதுக்கப்புறம் பின் அட்டைய மட்டும் சுத்தித் திருப்பிப் பின்னாடி கொண்டு போங்க. கம்பி மூடுற மூட்டு கடைசித் தாளுக்கும் பின் அட்டைக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கும். வெளியில பாத்தா எங்க மூடியிருக்குன்னே தெரியாது.

கோபி_அம்மிணி

பத்து நாளு சத்தமே இல்லாம இருந்ததுக்கு மன்னிக்கோணும். ரெண்டு புக்கும் முடிஞ்சுதுங்க!

நுரை டேப்பு அறுத்ததுல ஒரே ஒரு போட்டோ முனை மடங்குச்சு, அதை மறுபடி பிரிண்ட் போட்டுக்கிட்டேன். பட்டை மஞ்சள் கலர் கார்டுல வெட்டுனேன், தாளு திருப்பறப்பத் தாலிக்கயிறாட்டம் ஓரத்துல மஞ்சளாத் தெரியுது. இப்ப அளவு, கம்பிகிட்ட 9 மில்லி, நடுவுல 12. மூடி வெச்சா லேசா ஒரு சந்து இருக்கு, ஒரு வெரல் கூடப் போகாது. அட்டை ரெண்டு ராத்திரி அம்மிக்கல்லுக்கு அடியில இருந்துச்சு. அதுக்குள்ள அம்மா சட்னி அரைக்கக் கல்லைக் கேட்டு ஒரே சண்டை. மொதல்ல மூடுன கம்பி மறுபடியும் முட்டையாயிருச்சு, வெட்டி எறிஞ்சுட்டு ரெண்டாவது கம்பியில நீங்க சொன்னாப்ல மூனு சுத்து சுத்தினேன். இணைச்சீர்ப் பக்கம் தடையில்லாமத் திரும்புது.

ஈரோடு_பைண்டர்

நல்லதுங்க அம்மிணி. மூட்டு எந்தப் பக்கம் விழுந்துச்சு?

கோபி_அம்மிணி

ஒன்னுல பின் அட்டைக்குள்ளங்கண்ணா. இன்னொன்னுல மறந்து நேராவே கோத்துட்டேன், முன் அட்டைகிட்ட வந்து நிக்குது. அதைப் பிரிக்கறாப்ல இல்லீங்க.