பீடோர்ல ஓடுற 69 மஸ்டாங் 302: எந்த இன்டேக் மேனிஃபோல்டு போடலாம்?

பீடோர்_கொட்டகை:

எல்லாருக்கும் வணக்கம். பீடோர் பக்கம் செம்பனை ஆலையில எனக்குப் பாய்லர் வேலை. கைவசம் ஒரு 1969 மஸ்டாங் இருக்கு. 302 கன இன்ச் வி8, ரெண்டு பேரல் கார்ப் (ரெண்டு வாய் உள்ள கார்புரேட்டர்), சி4 ஆட்டோ கியர், பின்னால 2.79 டிஃப்ரன்ஷியல் (பின்சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 2.79 சுத்து). எனக்கு முந்தி வெச்சிருந்தவர் ரைட் ஹேண்டுக்கு மாத்திட்டார். புதுசுல 220 குதிரைன்னு கணக்கு. இப்ப எத்தனை உயிரோட இருக்குன்னு முருகனுக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகையில நிக்குது. எங்கம்மா அதுக்கு வெச்ச பேரு குடிகாரன்.

வண்டிக்குப் பெரிய வேலை ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழமை தாப்பா மார்க்கெட், மாசத்துல ஒரு நாள் ஹைவேயில ஈப்போ, வருஷத்துல ரெண்டு மூணு தடவை கேமரன் மலை. ரேஸ் எல்லாம் நமக்கு ஆகாது.

ரெண்டு குறை இருக்கு. ஒண்ணு, 4,000 ஆர்.பி.எம் தாண்டினா மூச்சு இல்ல. மிதிச்சா சத்தம் வருது, வேகம் வரல. ரெண்டு, மலை ஏறும்போது லாத்தா இஸ்கண்டார்ல நிறுத்தி ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்து சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் நாத்தம் குப்புன்னு வரும். இருபது நிமிஷம் கழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். போன தடவை அருவி பார்க்க வந்த ஒரு குடும்பமே தள்ள வந்துட்டாங்க. ஆட்டோ கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதுன்னு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு.

ஈப்போவுல ஒரு பழைய சாமான் கடையில சிங்கிள் பிளேன் (எட்டு சிலிண்டருக்கும் ஒரே அறை) அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது கார்ப்புல இருந்து சிலிண்டருக்குக் காத்தும் பெட்ரோலும் போற குழாய்த் தொகுதி, ஒண்ணு 1,200 வெள்ளிக்குக் கிடைக்குது. 750 சி.எஃப்.எம் (நிமிஷத்துக்கு 750 கன அடி காத்து விடுற) கார்ப்போட போட்டா வண்டி பறக்கும்ங்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

குளுவாங்_351:

காசை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க 302 ஃபோர்டோட வின்ட்சர் எஞ்ஜின் குடும்பமா, கிளீவ்லேண்டு குடும்பமா? 69 மஸ்டாங்குல வந்தது வின்ட்சர்தான், ஆனா நம்ம நாட்டுல ஐம்பது வருஷத்துல எந்த வண்டிக்குள்ள எந்த எஞ்ஜின் இறங்கியிருக்கும்னு யார் கண்டா? ஆஸ்திரேலியா ஃபோர்டு 302 கிளீவ்லேண்டுன்னு தனியா ஒண்ணு செஞ்சாங்க. பேர்ல மட்டும்தான் ஒத்துமை. அதோட மேனிஃபோல்டு இதுல உக்காராது.

வால்வு கவர் போல்ட்டை எண்ணுங்க. ஒரு பக்கத்துக்கு ஆறுன்னா வின்ட்சர், எட்டுன்னா கிளீவ்லேண்டு. இன்னொரு அடையாளம், ரேடியேட்டர் மேல் ஹோஸ். மேனிஃபோல்டு முன்பக்கத்துல இருந்து நேரா கிளம்பினா வின்ட்சர். பிளாக்குல இருந்து மேல் நோக்கிக் கிளம்பினா கிளீவ்லேண்டு, அதுல மேனிஃபோல்டுக்குள்ள தண்ணியே ஓடாது.

வின்ட்சர்னு சொல்லி 351 மேனிஃபோல்டைத் தலையில கட்டுறவங்களும் இருக்காங்க. அந்த பிளாக் உயரம், அதனால மேனிஃபோல்டும் அகலம். இது என் சொந்தக் கதை, விலையைக் கேக்காதீங்க.

பீடோர்_கொட்டகை:

டார்ச் அடிச்சு எண்ணிட்டேன். ஆறுதான். ஹோஸும் மேனிஃபோல்டுல இருந்துதான் வருது. நன்றி அண்ணே.

ஒட்டுக்கடை_ரேசர்:

பாஸ், நான் சிங்கிள் பிளேன் போட்டு ஒரு வருஷம் ஓட்டினேன். 5,000-க்கு மேல சொர்க்கம். பிரச்சினை என்னன்னா, சொர்க்கத்துக்குப் போற ரோடு சுங்கை சிப்புட்ல இல்ல. சிவப்பு லைட்ல நின்னு கிளம்பினா முதல்ல ஒரு இருமல், அப்புறம்தான் வண்டி. பக்கத்துல கஞ்சில் குட்டிக் காருல வந்த ஆன்ட்டி என்னை முந்திப் போனாங்க. ஆனா பானெட்டைத் திறந்தா பார்க்க அழகு, அதை மட்டும் மறுக்க மாட்டேன்.

பழைய_ஃபிட்டர்:

தம்பி, நான் ரப்பர் ஃபேக்டரியில முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர். லிஸ்டர் எஞ்ஜின்ல ஆரம்பிச்சவன். கடைக்காரர் சொல்றதை ஓரமா வெச்சிட்டு ஒரு கணக்குப் போடு.

உன் டயர் 205/70-14ன்னு வெச்சுக்கிறேன். 2.79 டிஃப்ரன்ஷியலோட ஹைவேயில 110 போறே. அப்ப எஞ்ஜின் சுத்துறது ஏறக்குறைய 2,500 ஆர்.பி.எம். தாப்பா டவுன்ல 1,500. மலையில ரெண்டாவது கியர்ல இழுக்கும்போது 3,000, மிஞ்சினா 3,500. எடெல்பிராக் விக்டர் ஜூனியர் மாதிரி சிங்கிள் பிளேனுக்குக் கம்பெனிக்காரனே போட்டிருக்கிற வேலை நேரம் 3,500-ல இருந்து 8,000. அதாவது நீ ஓட்டி முடிச்சு வீட்டுக்கு வந்த பிறகுதான் அது வேலைக்கே வரும்.

இப்ப ரெண்டுக்கும் வித்தியாசம். எஸ்டேட் லயத்துல, வரிசை வீட்டுல, தண்ணி வந்தது ஞாபகம் இருக்கா? எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அகலத் தொட்டி வெச்சா அது சிங்கிள் பிளேன். நாலு நாலு வீடாப் பிரிச்சு ஒல்லியான குழாய் போட்டா டூயல் பிளேன். உன் எஞ்ஜின் வெடிக்கிற வரிசை 1-5-4-2-6-3-7-8. டூயல் பிளேன்ல 1, 4, 6, 7 ஒரு தளம், 5, 2, 3, 8 இன்னொரு தளம். ஒண்ணு விட்டு ஒண்ணா இழுக்கிறதால ஒருத்தன் வாயில இருந்து இன்னொருத்தன் பிடுங்க மாட்டான். குழாய் நீளம், ஒடுக்கம், அதனால மெதுவா சுத்தும்போதும் காத்து வேகமா ஓடும். வேகமா ஓடினாத்தான் பெட்ரோல் காத்தோட கலந்து போகும், இல்லன்னா சுவத்துல ஒட்டி வழியும். ரேசர் தம்பி சொன்ன இருமல் அதுதான்.

கார்ப்புக்கும் கணக்கு இருக்கு. 302-ஐ 5,500 ஆர்.பி.எம்மால பெருக்கி 3,456-ஆல (கன இன்ச்சைக் கன அடியாக்கி, ரெண்டு சுத்துக்கு ஒரு இழுப்புன்னு) வகுத்தா 480 வரும். சிலிண்டர் முழுசா நிறையாது, நூத்துக்கு 85ன்னு வெச்சா 408 சி.எஃப்.எம். 750 உனக்கு எதுக்கு? வேக்கம் செகண்டரி (எஞ்ஜின் கேக்கும்போது மட்டும் மத்த ரெண்டு வாய் தானா திறக்கிறது) உள்ள 600 போதும், அதுவே தாராளம்.

என் முடிவு எடெல்பிராக் பெர்ஃபார்மர் 289. பேரு 289ன்னாலும் 302-ல உக்காரும். ஐடில்ல இருந்து 5,500 வரைக்கும்னு போட்டிருக்கான், உன் ஓட்டம் முழுக்க அதுக்குள்ள அடங்குது. பெர்ஃபார்மர் ஆர்.பி.எம்மும் டூயல் பிளேன்தான், 1,500-ல இருந்து 6,500, ஆனா உயரம் கூட. கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) மாத்தி, டிஃப்ரன்ஷியலும் 3.25, 3.50ன்னு மாத்தினா அதைப் பத்திப் பேசலாம். உன் இரும்பு மேனிஃபோல்டு மேல அடாப்டர் வெச்சு நாலு பேரல் கார்ப்பை ஏத்துற வேலை மட்டும் வேண்டாம். ரெண்டு ஓட்டை ரெண்டு ஓட்டையாவேதான் இருக்கும்.

அந்த லாத்தா இஸ்கண்டார் கதை மேனிஃபோல்டு சின்னதுங்கிறதால வர்றதில்ல. பழைய மேனிஃபோல்டுல கார்ப்புக்கு நேர் கீழே ஒரு எக்ஸாஸ்ட் பாதை குறுக்கே போகும். பனி கொட்டுற ஊர்ல காலையில கார்ப் சீக்கிரம் சூடாகணும்னு செஞ்ச ஏற்பாடு. நம்ம ஊர் சூட்டுல அது கார்ப்புக்குக் கீழே அடுப்பு. மலை ஏறி வந்து எஞ்ஜினை நிறுத்தினதும் ரேடியேட்டர் காத்தும் இல்ல, புதுப் பெட்ரோலும் வரல. கார்ப் கிண்ணத்துல இருக்கிற பெட்ரோல் கொதிச்சு உள்ளே வழியுது. நாத்தம் அதான். மேனிஃபோல்டு கழட்டுற அன்னிக்கு ரெண்டு பக்கமும் அந்தப் பாதையை மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு வெச்சு அடைச்சிடு. சில கேஸ்கெட் செட்லயே தகடு வரும். கார்ப்புக்கு அடியில சூடு ஏறாம ஒரு ஃபைபர் ஸ்பேசர் தட்டு போடு. அதுவரைக்கும், சூட்டுல ஸ்டார்ட் ஆகலன்னா பெடலைப் பம்ப் பண்ணாதே. ஒரே மிதியா அடி வரைக்கும் மிதிச்சுப் பிடிச்சிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு.

கடைசியா ஒண்ணு, இதுக்குக் காசு கிடையாது. ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு, எஞ்ஜினை ஓட விடாம, உங்கம்மாவைப் பெடலை முழுசா மிதிக்கச் சொல்லு. நீ கார்ப்புக்குள்ள எட்டிப் பாரு. பட்டர்ஃபிளை (காத்து வழியைத் திறந்து மூடுற தகடு) நட்டுக்குத்தலா நிக்குதா? ரைட் ஹேண்டுக்கு மாத்தின வண்டின்னு நீ சொன்னதுல இருந்து, பெடலை இடம் மாத்தினவர் கேபிளைச் சரியா அமைச்சாரான்னு எனக்குச் சந்தேகம்.

பீடோர்_கொட்டகை:

அண்ணே, உங்க வாயில சர்க்கரைதான் போடணும்.

அம்மா முதல்ல மாட்டேன்னுட்டாங்க. "குடிகாரனுக்கு நான் கால் பிடிக்கணுமா?"ன்னு கேட்டாங்க. கெஞ்சி உக்கார வெச்சேன். பெடல் கார்ப்பெட்டைத் தொடுது, பட்டர்ஃபிளை முக்கால்தான் திறக்குது. கேபிளைப் பிடிக்கிற பிராக்கெட் ஏதோ தகரத்தை வெட்டி வளைச்சது, மிதிக்கும்போது அதுவும் சேர்ந்து முன்னால வளையுது. மில்லுல கிடந்த 5 மி.மீ. பிளேட்டுல புதுசா வெல்ட் பண்ணிப் போட்டேன். இப்ப முழுசாத் திறக்குது. நாலு வருஷமா முக்கால் வண்டியைத்தான் ஓட்டியிருக்கேன். 4,000-க்கு மேல இப்பவும் கொஞ்சம் அடங்குது, ஆனா முந்தி மாதிரி செத்துப் போகல.

ஈப்போ கடைக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். பெர்ஃபார்மர்தான் வாங்கப் போறேன். பானெட் இடிக்குமா?

பழைய_ஃபிட்டர்:

அளந்துட்டு வாங்கு. பிள்ளைங்க விளையாடுற பிளாஸ்டிசின் களிமண்ணை எலுமிச்சம்பழம் அளவு உருட்டி ஏர் ஃபில்டர் மூடி மேல நாலஞ்சு இடத்துல வை, மேல பிளாஸ்டிக் தாள் போடு, இல்லன்னா பானெட்டுல ஒட்டிக்கும். பானெட்டை மெல்ல இறக்கிப் பூட்டு, திற. களிமண் எவ்வளவு தடிப்புக்கு நசுங்கியிருக்கோ அதுதான் இப்ப உள்ள இடம். பிறகு மேனிஃபோல்டு உயரத்தை முன்னாலயும் பின்னாலயும் அள. எடெல்பிராக் கேட்லாக்ல ரெண்டு உயரமும் இருக்கும், கழிச்சுப் பாரு. கார்ப்பு உயரத்தையும் ஸ்பேசரையும் கணக்குல சேர்க்க மறந்துடாதே. எல்லாம் போக ஒரு 20 மி.மீ. மிஞ்சணும். ரப்பர் மவுண்ட்ல எஞ்ஜின் ஆடும்.

மாட்டும்போது முதல்ல தண்ணியை வடிச்சிடு. டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிச்சு அனுப்புறது) கழட்டாம மேனிஃபோல்டு வெளியே வராது. அதுக்குள்ள சுத்துற ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பிளாக்குல பெயின்ட் கோடு போட்டுட்டு எடு, எடுத்த பிறகு எஞ்ஜினைச் சுத்தாதே. முன்னால பின்னால வர்ற கார்க் கேஸ்கெட்டைக் குப்பையில போட்டுட்டு அந்த இடத்துல ஆர்.டி.வி சிலிக்கான் பசை தடிப்பா ஒரு கோடு இழு. கார்க் நழுவி வெளியே பிதுங்கினா எண்ணெய் கிளட்ச் பக்கம் வழியும், நீ ரியர் சீல் (எஞ்ஜின் பின்பக்க எண்ணெய் சீல்) போச்சுன்னு நினைச்சு கியர் பாக்ஸை இறக்குவே. போல்ட் 12, நடுவுல இருந்து வெளியே, ரெண்டு மூணு சுத்துல கொஞ்சங் கொஞ்சமா இறுக்கு. ஒரு தடவை நல்லா சூடாகி ஆறின பிறகு திரும்ப இறுக்கிப் பாரு. கழட்டும்போது தண்ணி எப்படியும் கொஞ்சம் எஞ்ஜினுக்குள்ள விழும், அதனால எண்ணெயை மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதே. சி4 கியருக்குப் போற வேக்கம் ஹோஸையும் கிக்-டவுன் ராடையும் (முழுசா மிதிச்சா கீழ் கியருக்கு இறக்குற கம்பி) மறந்தா கியர் கண்டபடி மாறும்.

குளுவாங்_351:

ஃபிட்டர் அண்ணே, இவர் வண்டி ஆட்டோ. கிளட்ச் எங்க இருக்கு?

பழைய_ஃபிட்டர்:

பழக்கம்பா. பெல் ஹவுசிங் பக்கம்னு படிச்சுக்கோ.

பீடோர்_கொட்டகை:

களிமண் 38 மி.மீ. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கடன் வாங்கினது, நசுங்கினதைப் பார்த்து அழுதுட்டான். 2 வெள்ளிக் கடையில புதுசு வாங்கிக் கொடுத்தேன். உயரத்தை எல்லாம் கழிச்சுப் பார்த்தா 22 மிஞ்சுது. ஆர்டர் போட்டாச்சு.

சாமான் வர்றவரைக்கும் சும்மா இருக்க முடியாம போன ஞாயித்துக்கிழமை மலைக்குப் போனேன். லாத்தா இஸ்கண்டார்ல நிறுத்தி, வேணும்னே பத்து நிமிஷம் உக்காந்தேன். அண்ணன் சொன்ன மாதிரி அடி வரைக்கும் மிதிச்சுப் பிடிச்சேன். எட்டு செகண்ட் போல சுத்துச்சு, கரும்புகை ஒரு வாய் கக்கிட்டு ஸ்டார்ட் ஆயிடுச்சு.

பழைய இரும்பு மேனிஃபோல்டைக் கேட்டு ரெண்டு பேர் மெசேஜ் பண்ணியிருக்கீங்க. விக்கிறதா இல்ல.

பழைய_ஃபிட்டர்:

விக்காதே. எண்ணெய் தடவி, சாக்குல சுத்தி, தரையில படாம வை. நம்ம ஊர் ஈரம் மூணு மாசத்துல தின்னுடும்.