மடிப்பு சைக்கிள்: முதல் ஓட்டமும் மாற்ற நினைப்பவையும்

ரொம்ப நாள் யோசித்து, இருநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து ஒரு மடிப்பு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். 20 அங்குலச் சக்கரம், இரும்பு ஃபிரேம், ஆறு கியர், வி-பிரேக், எடை 13 கிலோ பக்கம். சிங்கப்பூரில் என் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம், இறங்கிய பிறகு வேலையிடம் என்று இரண்டு பக்கமும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தை மிச்சப்படுத்தத்தான் வாங்கினேன். எதை மாற்றலாம் என்று யோசிக்கும்போதும் அந்தத் தேவைக்கு உதவுமா என்றுதான் பார்க்கிறேன்.

முதல் ஓட்டம் பாசிர் ரிஸ் பூங்காவிலிருந்து சாங்கி கடற்கரை வழியாக, விமான நிலைய ஓடுபாதையை ஒட்டிய பாதையில் ஈஸ்ட் கோஸ்ட் வரை. ஏறியதுமே ஹேண்டில் படபடப்பது தெரிந்தது. பெரிய சக்கரத்தில் பழகிய கை லேசாக அசைந்தாலும் முன்சக்கரம் சடக்கென்று திரும்புகிறது. ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டத் தயக்கமாக இருந்தது, ஆனால் சாங்கி வில்லேஜ் தாண்டுவதற்குள் பழகிவிட்டது. எழுந்து நின்று மிதித்தால் நீளமான ஹேண்டில் தண்டு வளைந்து கொடுக்கிறது, அதனால் இதை உட்கார்ந்தே ஓட்டவேண்டும். ஓடுபாதைப் பக்கத்து நீண்ட நேர்வழியில் கடல்காற்று எதிரே அடித்தபோது, நிமிர்ந்து உட்காரும் அமைப்பின் கஷ்டம் தெரிந்தது. ஆனால் அதே அமைப்பால்தான் பாதசாரிகள் நடுவே போகும்போது சுற்றுமுற்றும் நன்றாகப் பார்க்க முடிகிறது. தினசரிப் பயணத்துக்கு எனக்கு இது பிடித்திருக்கிறது.

கியரைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்வது, "முன் பல்சக்கரத்தை 52 பல்லாக்கு, வேகம் வரும்" என்பதுதான். என் வண்டியில் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் உள்ளவற்றில் சிறியதில் 14. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஓடும், ஆக பெடல் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 24 கி.மீ. நம் சைக்கிள் பாதைகளில் வேக வரம்பே 25, நடைபாதையில் 10. இதற்கு மேல் பெரிய பல் போட்டு எங்கே ஓட்டுவது? அந்தப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பிரேக் கட்டைகளைத்தான் உடனே மாற்றப்போகிறேன். கூடவே வந்தவை கட்டையாக, கெட்டியாக இருக்கின்றன. திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது ரிம் நனைந்து, பிடித்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஈரத்தில் பிடிப்பதற்குப் பெயர்போன கூல்-ஸ்டாப் சால்மன் நிறக் கட்டை வாங்குவதாக இருக்கிறேன். டிசம்பர் மழைக்கு முன் அந்த வேலை முடிந்துவிட வேண்டும்.

டயர் வாங்குகிறவர்கள் "20 அங்குலம்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அந்தப் பெயரில் 406, 451 என்று இரண்டு அளவு (ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மி.மீ.யில்) விற்கிறார்கள். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் 47-406 என்பது போலப் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். நடைபாதைக் கல் இடுக்கெல்லாம் இடுப்பில் தெரிவதால் எனக்கு ஷ்வால்பே பிக் ஆப்பிள் மேல் ஆசை. 50 மி.மீ. அகலம், மட்கார்டுக்குள் இடம் இருக்கிறதா என்று அளக்கவேண்டும்.

ரயிலில் ஏற்ற மடித்த அளவு 120 x 70 x 40 செ.மீ.க்குள் இருக்கவேண்டும். 2016 கடைசியில் சோதனையாகத் தொடங்கிய பிறகு கூட்ட நேரத்திலும் ஏற்ற விடுகிறார்கள் என்பது நமக்குப் பெரிய வசதி. நீளம், உயரம் இரண்டிலும் பிரச்சினை இல்லை. இடிப்பது அந்த 40 செ.மீ. அகலம்தான், அதற்குக் காரணம் பெடல். அதனால் பிளாஸ்டிக் மடிப்பு பெடலைக் கழற்றி அகலமான அலுமினியம் பெடல் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். எம்கேஎஸ் எஃப்டி-7 மாதிரி உலோக மடிப்பு பெடல் கிடைத்தால் போடுவேன். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை, முதல்முறை கழற்றுகிறவர்கள் நினைவில் வையுங்கள். பின் கேரியர், பெரிய மெத்தை சீட் எல்லாம் எனக்கு வேண்டாம். அரை கிலோ கூடினாலும் மேம்பாலப் படியில் தூக்கும்போது தோள் சொல்லிவிடும்.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் வாங்கியாயிற்று. ஃபிரேமின் நடுக் கீல் பூட்டை மட்டும் ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் அசைத்துப் பாருங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் இறுக்காமல் ஏறக்கூடாது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு பதில்:

அண்ணே, கணக்கு சரிதான், ஆனால் நீங்கள் ஓட்டியது தரைமட்டமான கிழக்கு. எங்கள் பக்கம் புளோக்கை விட்டு வெளியே வந்தாலே மேடு. 46-க்குப் பின்னால் 28 பல் போட்டும், நின்று மிதித்தால்தான் வண்டி ஏறுகிறது. நீங்கள் சொன்ன அந்த வளைகிற தண்டோடு அது பயமாக இருக்கிறது. நான் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் உள்ள ஏழு கியர் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) போட்டேன், கியர் மாற்றும் ஷிஃப்டரும் மாற்றவேண்டி வந்தது. இப்போது உட்கார்ந்தபடியே ஏறுகிறேன்.

முதலில் எழுதியவர்:

மேட்டுப் பக்கத்துக்கு அதுதான் சரி தம்பி, நான் அதை யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கவேண்டும். 34-க்கு நீளமான கை உள்ள டிரெய்லியர் (பின்னால் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) போட்டீர்களா? இந்தச் சின்னச் சக்கரத்தில் அது தரைக்கு மிகக் கிட்டே தொங்கும். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கும்போதும், மடித்து எம்ஆர்டியில் நிறுத்தும்போதும் இடிக்கிறதா என்று சொல்லுங்கள். இடிக்கவில்லை என்றால் உங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் முதலில் செய்யவேண்டிய மாற்றம் அதுதான்.