மூடுபனிக் காலத்தில் தைரொயிட் ஸ்லைட்: கரு ஏமாற்றுகிறது, வழி சொல்லுங்கள்

ஆய்வுகூட அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நுவரெலியாப் பக்கம் பனி இறங்கினால், ஊசியால் உறிஞ்சி எடுத்த தைரொயிட் பூச்சுகளில் (ஸ்லைட்டில் பூசிய கலங்களில்) கலக்கருவைப் படிப்பது பெரும்பாடு.

ஜிம்சா சாயத்துக்குக் காற்றில் உலரவிடும் ஸ்லைட் ஈரக்காற்றில் மெதுவாகத்தான் உலர்கிறது. கலம் சுருங்கி, குரோமற்றின் (கருவுக்குள் உள்ள மரபுப்பொருள்) கறுத்துத் தெரிகிறது. கறுத்த கருவெல்லாம் புற்றுநோயா? பாப் சாயத்தில் தலைகீழ்: 95% எதனோலில் போடச் சற்றுத் தாமதித்தாலே கரு ஊதி, குரோமற்றின் மங்கிவிடும். பப்பிலரி என்ற தைரொயிட் புற்றுநோயில் நாம் தேடும் பெருத்த, வெளிறிய கருவும் அந்தச் சாயல்தானே!

எதனோலில் 15 நிமிடம் குறையாமல் வைக்கிறோம். ஜாடி மூடியே இருக்கும், திறந்து வைத்தால் ஈரம் இழுத்து நீர்த்துவிடும். பப்பிலரிக்கு அடையாளமாகக் கருவின் நீளவாட்டுத் தவாளிப்பை மட்டும் நம்புவதில்லை, ஹஷிமோட்டோ என்ற தைரொயிட் அழற்சியிலும் அது வரும். கருவுக்குள் தெரியும் போலி உள்ளடக்கத்துக்கு (குழியவுரு கருவுக்குள் பிதுங்கித் தெரிவது) விளிம்பு கூர்மையாகவும், உள்நிறம் குழியவுருவின் நிறமாகவும் இருக்கவேண்டும். வெறும் வெள்ளை ஓட்டை என்றால் கணக்கில் இல்லை. (தம்பி தங்கச்சிமாருக்கு: உள்ளே வெறுமையாகத் தெரியும் 'ஓர்பன் ஆனி' கருவைப் பூச்சில் தேடாதீர்கள், அது ஃபோமலினில் பதப்படுத்தி, பரஃபின் மெழுகில் பதித்து வெட்டிய இழையத்தில் வருவது.)

கேட்க வந்தது இரண்டு. ஜிம்சா ஸ்லைடை உலர்த்தச் சிறு விசிறி போதுமா, ஹெயார் ட்ரையரின் குளிர்காற்று நல்லதா? சூடு வேண்டாம், கரு கெடும். அடுத்தது, உலர்ந்துபோன பாப் ஸ்லைடை 0.9% சேலைனில் (உப்புநீரில்) 30 விநாடி நனைத்து எதனோலுக்கு மாற்றும் முறையைத் தைரொயிடில் செய்தவர்கள் உண்டா? தவாளிப்பு தெளிவாகத் தெரிந்ததா? ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள், படமும் போட்டால் புண்ணியம்.