விழுந்த அனுபவம், விழப்பார்த்த அனுபவம்: இங்கே எழுதுங்கள்

ஈசூன் மகள்:
மூணு மாசம் ஆச்சு, அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. விடியக்காலை நாலரை மணி. பாத்ரூம்ல அம்மாவுக்குக் கால் வழுக்கிருச்சு, கைக்கு எட்டுனதைப் பிடிச்சிருக்காங்க. அது துண்டு போடுற கம்பி. திருகாணியோட பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு. நான் ஓடுனப்போ தரையில உட்கார்ந்திருக்காங்க, வலது கை இன்னும் கம்பியை விடல, இடது மணிக்கட்டு வளைஞ்சு கிடக்கு. "விழலம்மா, சும்மாதான் உட்கார்ந்தேன்"னாங்க. வீவக, அதான் சிங்கப்பூர்ல அரசு அடுக்குமாடி வீடு கட்டுற கழகம், வயசானவங்க வீட்டைப் பாதுகாப்பா மாத்தித் தர்ற ஈஸ் திட்டத்துல கைப்பிடி போடலாம்னு முன்னாடியே கேட்டேன். "நான் என்ன கிழவியா"ன்னாங்க, நானும் விட்டுட்டேன்.

தேக்கா தம்பி:
அக்கா, நீங்க கைப்பிடியையே சொல்றீங்க. எங்கப்பா விழுந்தது காஞ்ச தரையில, கட்டில் பக்கத்துல. போன் அடிச்சதும் சட்டுனு எழுந்தார், "கண்ணு இருட்டு..."ன்னு முடிக்கக்கூட இல்ல, அலமாரி மேல சாஞ்சுட்டார். பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை பிரஷர் பார்த்தாங்க. நின்னதும் மேல் அளவு முன்னாடி இருந்ததைவிட 20 புள்ளிக்கு மேல குறைஞ்சிருச்சு. டாக்டர் பிரஷர் மாத்திரையை மாத்துனதுக்கு அப்புறம் விழல. வழுக்கல் மட்டுமே காரணம்னு நினைக்காதீங்க.

உட்லண்ட்ஸ் மாமி:
நான் சந்தையில மீன் கடைப் பக்கம் ஈரத்துல சறுக்கினேன், ஒரு மலாய்க்கார அம்மா பிடிச்சாங்க, அவ்வளவுதான். ஆனா தம்பி, வழுக்கலும் காரணம்தான். நாம விழாம நிக்கிறது மூணு விஷயத்தால: கண்ணு, உட்காதுல இருக்கிற அரைவட்டக் குழாய்கள், பாதமும் மூட்டும் மூளைக்கு அனுப்புற சேதி. சர்க்கரையில பாதம் மரத்துப் போனவங்க ராத்திரி லைட் போடாம நடந்தா கண்ணும் உதவாது, காது மட்டும்தான் மிச்சம். அதனால பாத்ரூம் வழியில சின்ன லைட் எரியட்டும். கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு எழுந்திருங்க. லொடலொடன்னு இருக்கிற செருப்பைத் தூக்கிப் போடுங்க. சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னு பழகுங்க, பக்கத்துல ஆள் இருக்கணும். நாற்காலியில கை ஊனாம எழுந்து உட்காருங்க, தொடைக்குப் பலம் வரும். எங்க புளோக் கீழ தாய்ச்சி, அதான் மெதுவா அசைஞ்சு செய்யுற சீன உடற்பயிற்சி, நடக்குது, அதுவும் நல்லது. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

ஈசூன் மகள்:
தம்பி, அம்மாவும் பிரஷர் மாத்திரைதான் சாப்பிடறாங்க. நிக்க வச்சு யாரும் பிரஷர் பார்த்ததே இல்ல, அடுத்த தடவை கேக்குறேன். கைப்பிடி போன வாரம் போட்டாச்சு. அம்மா கை இன்னும் அந்தப் பழைய கம்பி இருந்த இடத்துக்குத்தான் போகுது.